பிற மரங்கள்: நலம்

மரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நட்டவனை எழுதுவார்கள், வெட்டியவனை எழுதுவார்கள், நிழலில் துண்டை விரித்துப் படுத்தவனைக்கூட எழுதுவார்கள். உச்சி வெயிலில் வாசல் வாசலாகப் போய், "உங்கள் மரத்தை ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்டு, கேள்வி முடிவதற்குள் கதவு சாத்தப்பட்டவளை எவரும் எழுதியதில்லை. அவளுக்குப் பெயர் கிடையாது. "யாரோ வந்தாங்க" என்பதுதான் அவள் பெயர்.

உட்காருங்கள். அதில் வேண்டாம், அது ஆடும், இதில் உட்காருங்கள். பையைக் கீழே வையுங்கள். உங்கள் கொசுவலையைப் பற்றி நீங்கள் சொல்லாமல் நான் அனுப்பப் போவதில்லை. ஆனால் அதற்கு முன் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். மோர் குடியுங்கள். 'நீங்கள்' என்று அழைத்தால் ஏன் நெளிகிறீர்கள்? வாசலில் வந்து நிற்கிறவளை 'நீ' என்று அழைக்கும் உரிமையை இந்த ஊரில் யார் யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த உரிமை வேண்டாம். அந்தப் பக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஒரு பருவம் முழுக்க நின்றிருக்கிறேன். ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை.

என் பெயர் மங்கையர்க்கரசி. தாவரவியலில் முதுகலை, பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம். அரசுக் கல்லூரியில் பதினான்கு ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்பது அங்கே நிரந்தரப் பணிக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் பொருள். பதினான்காம் ஆண்டு முடிவில் அதையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நான் எழுத்து நடையில் பேசுகிறேன் என்று மாணவிகள் கேலி செய்வார்கள். நான் கீரை வாங்கும்போதும் இப்படித்தான் பேசுவேன். வாக்கியத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியாதவர்கள் காரியத்தையும் ஒழுங்காக முடிப்பதில்லை.

திருச்சியில் துரைக்கண்ணு என்று ஒருவர் 'பசுங்கிளை மரப் பராமரிப்பு' என்ற பெயரில் ஒரு சிறு தொழில் நடத்திக்கொண்டிருந்தார். முன்பு மின்கம்பிப் பாதையில் கிளை வெட்டும் குத்தகை எடுத்தவர். இரண்டு ஏணி, கயிறு, ஓர் இயந்திர ரம்பம், மரம் ஏறும் ஆட்கள் இருவர், ஒரு குட்டியானை வண்டி. மழைக்காலத்துக்கு முன் வீட்டு மரங்களைக் கிளை கழித்துக் கவாத்து செய்வது, நோய் பார்த்து மருந்து வைப்பது, சாய்ந்ததை இறக்குவது. வேலை இருக்கிறது, ஆனால் வேலை வாங்கிவர ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல்.

"மேடம், நீங்க அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ரெண்டு மரத்துக்கு லத்தீன் பேரு சொன்னீங்கன்னா போதும். கேட்டு தானா திறக்கும்" என்றார்.

எந்தக் கேட்டும் தானாகத் திறக்கவில்லை. "நன்கொடையா? போன வாரம்தானே குடுத்தோம்" என்றார் ஒருவர். "நாங்க சர்ச்சுக்கெல்லாம் வர்றதில்லம்மா, வேற வீடு பாருங்க" என்றாள் ஒருத்தி. நான் கையில் வைத்திருந்தது மர நோய்களின் படத்தொகுப்பு. ஒரு வீட்டில் மாடியிலிருந்தே ஒரு குரல்: "மரத்துக்கு வைத்தியமா? மொதல்ல எங்க மாமியாருக்குப் பாருங்க." அந்தத் தெருவே சிரித்தது. நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என்னை அங்கே ஒருவர்கூட மனிதப் பிறவியாகப் பார்க்கவில்லை என்பதைச் சிரித்துக்கொண்டே கவனியுங்கள். நான் சொல்வதை அவர்கள் காது வாங்கியதே இல்லை. வாசலில் நிற்பவளுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம். அந்த எண்ணத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, இன்றுவரை.

இருங்கள், கொசுவலைக்கு வருகிறேன்.

துரைக்கண்ணு ஒரு படிவம் அச்சடித்திருந்தார். 'சந்தித்தவர்' என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: உரிமையாளர், வாடகைதாரர், மற்றவர். மற்றவர் என்று குறித்தால் அந்த வீட்டுக்குப் போனதாகவே ஆகாது. மறுபடி போக வேண்டும். "டிரைவர் ஒண்ணு சொல்வான், வேலைக்காரம்மா ஒண்ணு சொல்லும். அதையெல்லாம் எழுதாதீங்க மேடம். கையெழுத்துப் போடுறவரு சொல்றது மட்டும்தான் பேச்சு" என்பது அவர் விதி. இன்னொரு விதியும் இருந்தது. ஒருவர் ஒரு மரத்துக்கு வேலை கொடுக்க ஒப்புக்கொண்டால், அவர் மனம் மாறுவதற்குள் படிவத்தின் அடியில் 'பிற மரங்கள்: நலம்' என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். "ஒரு மரத்துல கை வெச்சா எல்லா மரத்தையும் வெட்டச் சொல்வாங்களோன்னு பயப்படுவாங்க. மத்ததெல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா நிம்மதியா கையெழுத்துப் போடுவாங்க." வீடு வீடாக விற்கிறவர்களுக்கே உரிய தந்திரம் இது. ஒன்றை விற்க மற்ற எல்லாவற்றையும் புகழ்வது. உங்கள் தொழிலிலும் இருக்கும். இல்லையென்று சொல்லாதீர்கள்.

இப்போது கதைக்கு வருகிறேன். ஒருத்தியின் தோள் உடைந்த கதை. யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள்.

மூன்றாம் குறுக்குத் தெருவில் சம்பந்தம் என்பவர் வீடு. நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சுலோசனா. முன்புறம் ஒரு பங்கனப்பள்ளி மாமரம், மதிலைத் தாண்டி மின்கம்பியை உரசிக்கொண்டு. தெருவிலிருந்தே வேலை தெரிகிறது. நான் மணி அடித்தேன்.

கதவைத் திறந்தது வேலைக்காரி. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டு அம்மா இருக்கிறார்களா? மரம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று போய்ச் சொல்" என்றேன்.

"அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க தாயி. மரமா பாக்குறீங்க? நல்லதாப் போச்சு. பின்னாடி ஒரு தென்ன இருக்கு, அதப் பாருங்க. கொடி கட்டுற கொக்கி கிட்ட உள்ளுக்குள்ள சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"யாரோ வாயில முறுக்கப் போட்டு மெல்லுற மாதிரி. கறுக்கு முறுக்குன்னு. துணி காயப்போடயில காதுல விழுது."

நான் மற்றவர் என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு, மாலை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். அது என் குற்றமா? படிவத்தில் மற்றவர் சொல்வதை எழுத இடமே கிடையாது. அச்சடித்தது நானில்லை.

இரண்டாம் முறை போனபோதும் அவள்தான் திறந்தாள். இந்த முறை வீட்டம்மா தூங்குகிறார். அவள் என்னை விடவில்லை. "தாயி, இப்ப சாறு வடியுது. செவப்பா, கோந்து மாதிரி. நான் பயந்துக்கிட்டுக் கொடியக் கழட்டி கேட்டுக் கம்பியில கட்டிட்டேன். அம்மா திட்டுது, தெருவுல போறவன் பாக்க உள்பாவாடையக் காயப்போடுறியேன்னு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேக்கும். காத வெச்சு ஒருதரம் கேட்டுட்டுப் போங்க." எனக்கு அன்று இன்னும் பதினேழு வீடுகள் பாக்கி. மறுபடியும் மற்றவர்.

அவள் பெயர் அடைக்காயி. அது எனக்குப் பிற்பாடு, மருத்துவமனையில்தான் தெரிந்தது. கட்டிலில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

மூன்றாம் முறை சம்பந்தமே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னம்மா, நீ மரம் ஏறுவியா?" என்றார். நீ! முதுகலை படித்த, பதினான்கு ஆண்டு பாடம் நடத்திய என்னை! அந்த 'நீ'யை நான் இன்னும் விழுங்கவில்லை. ஆனாலும் நின்றேன். மின்கம்பி உரசினால் என்ன ஆகும், எந்தக் கிளையை எந்தக் கணுவில் எடுக்க வேண்டும், பூப் பருவத்துக்கு முன் ஏன் முடிக்க வேண்டும் என்று கால்மணி நேரம் விளக்கினேன். அவர் மெல்ல இறங்கி வந்தார். "சரி, மாமரம் மட்டும்தான். அதைச் சாக்கா வெச்சுத் தோட்டத்தையே மொட்டையடிச்சுடக் கூடாது" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவள் பின்பக்கத்திலிருந்து வந்தாள். "ஐயா, அந்தத் தென்னையையும் பாக்கச் சொல்லுங்கய்யா."

"இது ஒரு மாசமா இதே பாட்டு" என்றார் அவர். "சரி, வந்ததுக்குப் பாத்துட்டுப் போ."

போனேன். நான் பார்க்கவேயில்லை என்று பின்னால் சொன்னார்கள். அது முழுப் பொய். பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தென்னை. நெஞ்சு உயரத்தில் ஓர் இரும்புக் கொக்கி அறையப்பட்டிருந்தது. அடிமரத்தில் மரச்சுத்தியலால் இரண்டு இடங்களில் தட்டினேன். கணீரென்று கேட்டது. அண்ணாந்து பார்த்தேன், மட்டைகள் பச்சை. கொக்கிக்குக் கீழே பழுப்பாக ஒரு வழிசல். இரும்பின் துரு என்று எண்ணினேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள்.

"கீழ தட்டுனா எப்படித் தாயி தெரியும்? இங்க வாங்க. கொக்கிகிட்ட காத வைங்க."

சம்பந்தம் கைகட்டிக்கொண்டு சிரித்தார். "வெச்சுடாதம்மா, எறும்பு ஏறிடும்."

நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம், கேளுங்கள். அப்போதுதான் ஒருவழியாக அவர் என்னைப் படித்தவளாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்க, பாத்திரம் தேய்க்கிறவள் சொன்னாள் என்பதற்காக நான் ஒரு தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதா? அறிவியலுக்கு ஒரு மரியாதை உண்டு. நான் படிவத்தை எடுத்தேன். மாமரம்: கவாத்து தேவை. பிற மரங்கள்: நலம். அவர் கையெழுத்திட்டார். அந்தப் பருவத்தில் அந்தத் தெருவில் நான் வாங்கிய முதல் கையெழுத்து.

படிவத்தின் நகலைச் சுலோசனா அம்மாள் குளிர்பதனப் பெட்டியின் மேல் காந்தம் வைத்து ஒட்டிக்கொண்டார். அன்றைக்கே வேலைக்காரியைக் கூப்பிட்டு, "பாத்தியா, படிச்சவங்க வந்து நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. கொடியப் பழைய இடத்துல கட்டு" என்றாராம். அவளும் கட்டியிருக்கிறாள். என்ன அறிவீனம் பாருங்கள்! ஒரு விற்பனைப் படிவத்தை வேதம் மாதிரி எடுத்துக்கொண்டு ஒருத்தியை மரத்தடிக்கு அனுப்புகிற வீட்டம்மாளை என்னவென்று சொல்வது?

ஐப்பசி இரண்டாம் வாரம், பகல் மூன்று மணி. காற்றோடு மழை பிடித்தது. "துணி நனையுது, ஓடு" என்று வீட்டம்மாள் சத்தம் போட்டிருக்கிறார். அவள் ஓடினாள். தென்னை கொக்கி இருந்த இடத்தில் சரியாக முறிந்தது. அவள் விலகப் பார்த்திருக்கிறாள். தண்டு தோளில் இடித்துத் துவைக்கிற கல்லோடு சேர்த்து அவளைச் சாய்த்தது. வலது தோளும் கழுத்தெலும்பும்.

முறிந்த இடத்தை நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். உள்ளே சல்லடை. சிவப்புக் கூன்வண்டு. பச்சை மரத்தில் ஆணியோ கொக்கியோ அறைந்தால் அந்தக் காயத்தில் வண்டு முட்டையிடும். புழு உள்ளே தின்றுகொண்டே போகும். செம்பழுப்புச் சாறு வடியும். தண்டில் காதை வைத்தால் மெல்லும் ஒலி தெளிவாகக் கேட்கும். மட்டை கடைசிவரை பச்சையாகக்கூட இருக்கலாம். இதையெல்லாம் நான் இரண்டாமாண்டுக்குப் பதினான்கு முறை நடத்தியிருக்கிறேன். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. ஆகையால் எனக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. அதுதான் என் வாதம்.

சம்பந்தம் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "நலம்னு எழுதியிருக்கு. அந்தக் கம்பெனியைக் கேளுங்க. நான் என்ன செய்ய?" துரைக்கண்ணு என்னைத் தூக்கிக் காட்டினார். "நலம்னு எழுதச் சொன்னேன் மேடம். பாக்காம எழுதச் சொன்னேனா?" எழுதச் சொன்னவரே அவர்! அவருடைய விதி, அவருடைய படிவம், அவருடைய அச்சகம். மறுநாளே நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நாளிதழில் நான்கு வரிச் செய்தி வந்தது. பொறியாளர் பெயர் இருந்தது, தெருப் பெயர் இருந்தது, 'தனியார் நிறுவன ஊழியர் ஒருவரின் அலட்சியம்' என்று இருந்தது. ஊழியர் ஒருவர்! எனக்குப் பெயர் இல்லையா? ஒரு மனிதப் பிறவியைப் பெயர் சொல்லாமல் 'ஒருவர்' என்று எழுதிவிட்டுப் போவது எத்தனை பெரிய அவமதிப்பு என்று இந்த ஊரில் யாருக்காவது உறைக்கிறதா?

நான் விடவில்லை. தொழிலாளர் அலுவலருக்குப் பதினொரு பக்கத்தில் மனு எழுதினேன். படித்துப் பார்த்த அலுவலர், "இவ்வளவு சுத்தமான தமிழ் இந்த ஆபீசுக்கு வந்ததே இல்லைங்க" என்றார். ஒரு சாட்சி இருந்தால் பலம் என்றும் சொன்னார்.

அதற்காக அரசு மருத்துவமனைக்குப் போனேன். அடைக்காயி படுத்திருந்தாள். தோளோடு கட்டு. பக்கத்துக் கட்டில் கிழவி அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடைக்காயி முகத்தில் கோபம் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இல்லை. "வாங்க தாயி, நீங்களே வந்துட்டீங்க" என்றாள்.

நான் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்த சாட்சி அறிக்கையைப் படித்துக் காட்டினேன். 'மேற்படி ஊழியர் பின்புறம் வந்து தென்னையைத் தட்டிப் பார்த்தது உண்மை. வீட்டுப் பணிப்பெண் ஒருவர் தெரிவித்த தகவல் தெளிவற்றதாக இருந்தது.' அந்த இடத்தில் அவள் கையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"தெளிவா இல்லையா? மூணு தடவ சொன்னேனே தாயி. சத்தம் கேக்குதுன்னேன், சாறு வடியுதுன்னேன், காத வைங்கன்னேன். இதுக்கு மேல எப்படித் தெளிவாச் சொல்றது?"

"அது நேரடிச் சான்று ஆகாது" என்று விளக்கினேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க எனக்கு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அடைக்காயி முன்னாடியே சொன்னா, ஐயாவும் கூட நின்னு கேட்டாரு. அம்புட்டுத்தான். நான் சொல்லவே இல்லன்னு அந்த வீட்டுல சாதிக்கிறாங்க. சொன்னேன்னு ஆனாலும், தெரிஞ்சும் மரத்தடியில நின்னது என் தப்பும்பாங்களாம். ஆபரேசன் பண்ணணுமாம் தாயி, தகடு வைக்கணுமாம். நீங்க எழுதுனா ஐயா மறுக்க மாட்டாரு. படிச்சவங்க எழுதுனா நம்புவாங்க. அன்னைக்கே பாத்தேனே."

எவ்வளவு எளிதாகக் கேட்டுவிட்டாள்! ஒரு வரி! என் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, எச்சரிக்கை கிடைத்தது என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பதா? எழுத்து என்பது விளையாட்டல்ல. ஒரு சொல்லை எழுதுமுன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும். அவளிடம் பொறுமையாகச் சொன்னேன்: "முதலில் நீ இதில் கையெழுத்துப் போடு. என் வழக்கு முடியட்டும். பிறகு உன்னுடையதைப் பார்ப்போம்."

"வலது கை வராது தாயி" என்றாள்.

"கைநாட்டு போதும். இடது கையாலும் வைக்கலாம்."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த கிழவிக்கு என்ன வந்ததோ, "எந்திரிச்சுப் போ ஆத்தா, அவ சாப்பிடட்டும்" என்று என்னை விரட்டினாள். நான் வாங்கிப்போயிருந்த ஆரஞ்சுகளைக்கூட எடுத்துக்கொள்ளச் சொன்னாள். இந்த ஊரில் யாருக்கு நியாயம் பேசினாலும் கிடைப்பது இதுதான். நமக்காக ஒரு கைநாட்டு வைக்க ஆள் இல்லை. பெண்ணுக்குப் பெண் உதவ மாட்டாள் என்று சொல்கிறவர்களை நான் வகுப்பில் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். அன்று எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

ஆனாலும் நான் வென்றேன். சாட்சி இல்லாமலே வென்றேன். முன்னறிவிப்பின்றி நீக்கியது முறையல்ல என்று அலுவலர் சொல்லிவிட்டார். துரைக்கண்ணு கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதில் ஏழு பிழைகள், திருத்தித் திருப்பி அனுப்பினேன். அவர் படிவத்தையும் மாற்றிவிட்டார். அந்த 'நலம்' என்ற வரி இப்போது இல்லை. அது என்னால் நடந்தது. எனக்குத் தனியார் மகளிர் கல்லூரி ஒன்றில் வேலையும் கிடைத்தது. ஆகையால் சொல்கிறேன், வாசலில் நிற்கிறோமே என்று நீங்கள் குனிய வேண்டாம். உங்கள் சொல்லைக் காது கொடுத்துக் கேட்க வைக்க வேண்டும். இல்லையென்றால் யார் கேட்பார்கள்?

மணி ஐந்தரை ஆகிவிட்டதா? நீங்கள் வேறு ஒன்றுமே பேசவில்லை. சரி, கொசுவலை. சன்னலுக்கு என்ன அளவு வேண்டும் என்று... என்ன? அவளுக்கு என்ன ஆயிற்று என்றா கேட்கிறீர்கள்? இத்தனை நேரம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு அதையா கேட்கத் தோன்றுகிறது?

அறுவை சிகிச்சை நடக்கவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை என்று சொல்லிச் சம்பந்தம் கைவிட்டுவிட்டார். மருத்துவமனையில் கட்டை அவிழ்த்து அனுப்பிவிட்டார்கள். அவள் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. அந்த வீட்டில் கார்த்திகையிலேயே வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அவள் வேலை செய்த மற்ற இரண்டு வீட்டிலும் தை வரை பொறுத்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். இப்போது விராலிமலையில் தங்கை வீட்டில் இருக்கிறாள். மாலை கட்டுகிறவர்களுக்கு, இடது கையால், ரோஜா இதழ் உதிர்த்துக் கொடுக்கிறாள்.